கலெக்டர் ஜானகியும் பட்டு மாமியும்



பழைய படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் சாவித்திரி வருவார், பத்மினி வருவார், சரோஜாதேவி வருவார். கொஞ்சம் தாமதமாகச் சௌகார் ஜானகியும் வருவார். வரும்போதே, ‘அழுகைப் படங்களில் நடித்தவர்தானே’ என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டு வரும். இதைப் பல காலமாகக் கேட்டுவருகிறேன். ஒரு நாளும் இதற்குத் தலையாட்ட எனக்கு மனம் வந்ததில்லை. அழ வேண்டிய இடத்தில் அழாமல் நின்றவர் அவர். வெளியே சொல்ல முடியாத ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, வீட்டையோ அலுவலகத்தையோ நடத்திக்கொண்டிருக்கும் பெண்ணை அவரைப் போல் திரையில் காட்டியவர்கள் மிகக் குறைவு. அவருடைய பெரிய வேடங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரு ரகசியம் இருக்கும். அந்த ரகசியத்தை அவர் காப்பாற்றும் விதம்தான் நடிப்பு. இந்த இதழில் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை.

ராஜமுந்திரியில் 1931 டிசம்பர் 12 அன்று பிறந்தவர். சினிமாவுக்கு முன்பே அவருடைய குரல் வந்துவிட்டது. சிறுமியாக இருந்தபோதே சென்னை வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இயக்குநர் பி.என்.ரெட்டி நடிக்க அழைத்தார். வீட்டில் சம்மதிக்கவில்லை, கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். பிறகு குடும்பத்தின் பணக் கஷ்டம், கைக்குழந்தையோடு இருந்த அவரை அதே சினிமாவின் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. கல்யாணம் ஆனதும் நடிப்பை விட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். இவர் கல்யாணமாகி, தாயாகி, அதன் பிறகு வந்தவர். பிற்காலத்தில் தாய் வேடம் போட அவர் கூச்சப்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் படம் 1950இல் வந்த தெலுங்குப் படமான ‘ஷாவுகாரு’. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய விஜயா புரொடக்‌ஷன்ஸின் முதல் படமும் அதுதான். எல்.வி.பிரசாத் இயக்கினார். கதாநாயகன் என்.டி.ராமராவ். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒட்டி உறவாடிய இரண்டு குடும்பங்கள் பகையாகிப்போக, நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கும் சுப்புலு என்ற பெண்ணாக ஜானகி நடித்தார். படம் பெரிய வசூல் பார்க்கவில்லை. ஆனால் படத்தின் பெயர் நடிகையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிலைத்துவிட்டது. தமிழில் ஏற்கெனவே வி.என்.ஜானகி இருந்ததால், இங்கே அந்த அடைமொழி வசதியாகவும் இருந்தது. 15 ஆண்டுகள் கழித்து அதே கதையை ‘எங்க வீட்டுப் பெண்’ என்று தமிழில் எடுத்தபோது, அந்த வேடத்தில் புதுமுகமாக வந்தவர் விஜயநிர்மலா.

தெலுங்கில் அவர் செய்தவற்றில் இரண்டை மட்டும் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வருகிறேன். இரண்டும் 1955இல் வந்தவை. குரஜாடா அப்பாராவின் புகழ்பெற்ற நாடகத்தைப் படமாக்கிய ‘கன்யாசுல்கம்’. அதில் சாவித்திரிக்கு மதுரவாணி, ஜானகிக்கு இளம் விதவை புச்சம்மா. மற்றொன்று தாபி சாணக்யா இயக்கத்தில் நாகேஸ்வர ராவுக்கு ஜோடியாக நடித்த ‘ரோஜுலு மாராயி’. தமிழில் ‘வளையாபதி’ மூலம் 1952லேயே அவர் அடியெடுத்து வைத்திருந்தார். என்றாலும் தமிழ் ரசிகர்கள் அவரை நெஞ்சில் வைத்துக்கொண்டது அறுபதுகளில்தான். அப்போது அவருக்கு முப்பது வயதாகியிருந்தது. நம் சினிமாவில் அந்த வயது நடிகைகளுக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவருக்கு அங்கிருந்துதான் ஆரம்பம்.

பீம்சிங் இயக்கிய ‘பார் மகளே பார்’ 1963இல் வந்தது. குலப்பெருமையே உயிர்மூச்சு என்றிருக்கும் ஜமீன்தாராகச் சிவாஜி, அவர் மனைவி லட்சுமியாக ஜானகி. லட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறக்கிறது. அதே இடத்தில் பிள்ளை பெற்ற ஒரு நடனக்காரி தன் குழந்தையை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். இரண்டு குழந்தைகளும் மாறிப்போகின்றன; எது தன் குழந்தை என்று பெற்றவளுக்கே தெரியாது. கணவனின் குணத்தை அறிந்த அவள் இரண்டையும் இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லி வளர்க்கிறாள். யோசித்துப் பாருங்கள். மகள்களில் ஒருத்தி சாப்பிடும்போதும் சிரிக்கும்போதும், கணவன் ‘என் ரத்தம்’ என்று பூரிக்கும்போதும் அந்தத் தாயின் மனதில் என்ன ஓடும்? வசனத்தில் இதைச் சொல்ல வழியில்லை. சொன்னால் கதையே முடிந்துவிடும். கணவன் பெருமை பேசும் காட்சிகளில் ஜானகியின் முகத்தை மட்டும் கவனியுங்கள். சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரை ஏறாது. பக்கத்தில் சிவாஜி முழு வேகத்தில் நடித்துக்கொண்டிருக்கும்போது, இவர் ஒன்றும் செய்யாததுபோல் இருந்தே நம் கண்ணைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். மகள்களாக நடித்த விஜயகுமாரிக்கும் புஷ்பலதாவுக்கும் இவருக்கும் வயதில் அப்படியொன்றும் பெரிய இடைவெளி இல்லை. பார்க்கிறவர்களுக்கு அந்த நினைப்பே வராது.

அடுத்த ஆண்டே ‘புதிய பறவை’. அந்தத் தாயையும் இந்தச் சித்ராவையும் ஒரே நடிகை ஓராண்டு இடைவெளியில் செய்தார் என்பதை இன்று பார்க்கும்போதும் நம்ப முடிவதில்லை. சிங்கப்பூர்க் கேளிக்கை விடுதியில் பாடும் பெண் சித்ரா. பாடிக்கொண்டே கோபால் (சிவாஜி) என்பவனைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையிலேயே அவன் விழுந்துவிடுகிறான். உடம்பை முறுக்கி ஆடவில்லை, கண்ணைச் சிமிட்டவில்லை. சேலை உடுத்தி, நிதானமாக நடந்து, கண்ணாலேயே அந்தக் கவர்ச்சியைக் கொண்டுவந்தார். பிறகு கதை திரும்புகிறது. இறந்துவிட்டாள் என்று கோபால் சொன்ன அந்த மனைவி, காதலி லதாவோடு (சரோஜாதேவி) அவனுக்குக் கல்யாணம் கூடிவரும் நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். இவள் உண்மையிலேயே சித்ராதானா, இல்லையா?

படம் பார்க்காத இளைய வாசகர்கள் இருப்பீர்கள் என்பதால் விடையைச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதல்முறை பார்க்கும்போது அந்தப் பெண்ணின் ஒவ்வொரு அசைவும் ‘இவள் சித்ராதான்’ என்றும் சொல்லும், ‘இல்லை’ என்றும் சொல்லும். முடிவு தெரிந்த பிறகு திரும்பப் பார்த்தால், எந்த இடத்திலும் அவர் நம்மை ஏமாற்றவில்லை என்று தெரியும். இதைச் செய்வது மிகக் கடினம். கொஞ்சம் அழுத்திவிட்டால் குட்டு உடைந்துவிடும். கொஞ்சம் தளர்த்திவிட்டால் பயம் போய்விடும். சரோஜாதேவியின் அழகு, எம்.ஆர்.ராதா, வி.கே.ராமசாமி, விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசை, கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிச் செல்லும் சிவாஜி என்று அந்தப் படத்தில் ரசிக்க எவ்வளவோ இருக்கிறது. ஆனால் கதையின் பூட்டும் சாவியும் ஜானகியின் முகத்தில் இருக்கின்றன.

சிவாஜியோடு ‘மகாகவி காளிதாஸ்’, ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’, ‘உயர்ந்த மனிதன்’ என்று தொடர்ந்து நடித்தார். இவற்றில் பின்னிரண்டும் நான் சொல்ல வந்ததன் மறுபக்கம். அங்கே ரகசியம் கணவனிடம் இருக்கிறது, அது இவரிடமிருந்து மறைக்கப்படுகிறது. தெரிந்துகொள்ளும் நொடியில் அவர் என்ன ஆகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

எம்.ஜி.ஆர். படங்களில் அவருக்குக் கிடைத்த இடம் சிறியது. இருந்தும் ‘ஒளி விளக்கு’ அவருக்கு யாரும் நினைக்காத ஓர் இடத்தைக் கொடுத்தது. 1968இல் வந்த அந்தப் படம் எம்.ஜி.ஆரின் 100ஆவது படம். இயக்கியவர், ‘ரோஜுலு மாராயி’ எடுத்த அதே சாணக்யா. கதாநாயகி ஜெயலலிதா. ஜானகிக்கு விதவைப் பெண்ணான சாந்தியின் வேடம். தீக்காயம்பட்டு உயிருக்குப் போராடும் நாயகனுக்காக அவர் இறைவன் முன் கையேந்தி மன்றாடும் பாட்டு ஒன்று உண்டு. வாலி எழுதியது, பாடியவர் பி.சுசீலா. 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் கிடந்தபோது, தமிழ்நாடு முழுக்கத் திரையரங்குகளில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். படம் பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். படம் வந்து 16 ஆண்டுகள் கழித்து, லட்சக்கணக்கான தமிழர்களின் பிரார்த்தனைக்கு ஜானகியின் முகம் முகமாக நின்றது. எந்த விருதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கே.பாலசந்தரிடம் வருவோம். ஏஜி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டுக்கொண்டிருந்த அவர் இயக்குநரான முதல் படம் ‘நீர்க்குமிழி’, 1965. ஏறக்குறைய முழுக் கதையும் ஆஸ்பத்திரிக்குள் நடக்கும். ஜானகி அதில் டாக்டர். பாலசந்தர் இவரிடம் கண்டது என்ன என்று யோசித்திருக்கிறேன். புத்திசாலித்தனமாகத் தெரியும் முகம், வசனத்தை விழுங்காத குரல், வேலை பார்க்கும் பெண் என்று சொன்னால் நம்பும்படியான நடை. வானொலியில் வளர்ந்த குரல் இங்கே கைகொடுத்தது. பாலசந்தரின் வசனம் வேகமானது, மடக்கு மடக்காகத் திரும்புவது. சொல்லும் இடைவெளியும் பிசகினால் சப்பென்று போய்விடும். ஜானகி அதைப் பேசும்போது ஒரு சொல் கூடக் கீழே விழாது. ‘பாமா விஜயம்’ படத்தின் மூன்று மருமகள்களில் மூத்தவளாகக் காஞ்சனாவோடும் ஜெயந்தியோடும் போட்டி போட்டுக்கொண்டு அவர் சிரிக்கவைத்ததை மறக்க முடியுமா?

சிரிப்பு என்றதும் பட்டு மாமி. 1968இல் வந்த ‘எதிர்நீச்சல்’ படத்தில் ஒரே வீட்டில் பல குடித்தனங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்யும் மாதுவாக நாகேஷ். அந்தக் குடித்தனங்களில் ஒன்று கிட்டு மாமாவும் பட்டு மாமியும். ஸ்ரீகாந்தும் சௌகார் ஜானகியும். அவர்களுக்குக் கதையில் பெரிய வேலை கிடையாது. ஆனால் பக்கத்தாத்துக்காரியின் சௌகரியங்களைச் சுட்டிக்காட்டி மாமி புலம்புவதும், மாமா அதற்குச் சமாதானம் சொல்வதுமாகப் போகும் அந்தப் பாட்டு ஒன்று போதும். கோதாவரிக் கரையில் பிறந்த தெலுங்குப் பெண் மடிசார் கட்டிக்கொண்டு, மயிலாப்பூர் மாமி பேச்சை அச்சு அசலாகப் பேசுகிறார். முந்தானையைச் சொருகிக்கொள்ளும் விதம், கழுத்தை வெடுக்கென்று திருப்பும் விதம், கோபத்துக்குள்ளேயே கொஞ்சும் விதம் எல்லாம் நம் தெருவில் பார்த்தவை. ‘அழுகை நடிகை’ என்று சொல்பவர்களிடம் முதலில் இந்தப் படத்தைத்தான் காட்ட வேண்டும்.

பட்டு மாமிக்கு அடுத்த ஆண்டே கலெக்டர் ஜானகி. ‘இரு கோடுகள்’. என் கணக்கில் இதுதான் அவருடைய மிகச் சிறந்த வேடம். அறுபதுகளின் தமிழ்ப் படங்களில் ஒரு பெண்ணுக்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த வேடங்களில் ஒன்றும் இதுதான். காதலித்துக் கைபிடித்தவனைச் சூழ்நிலை பிரித்துவிடுகிறது. ஜானகி உடைந்து உட்காரவில்லை. தகப்பனார் துணையாக நிற்க, படித்து ஐ.ஏ.எஸ். ஆகிறாள். ஆண்டுகள் கழித்து அவள் கலெக்டராகப் போய் உட்காரும் அலுவலகத்தில் குமாஸ்தாவாக எழுந்து நிற்பவன் அவளுடைய கணவன். அவனுக்கு இப்போது வேறொரு மனைவி, பிள்ளைகள். ஜெமினி கணேசன் அந்தக் குமாஸ்தா. ஜெயந்தி இரண்டாவது மனைவி.

அந்த நாளில் இந்த வேடம் எவ்வளவு புதிது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஐ.ஏ.எஸ். பணிக்கு வந்த முதல் பெண்ணான அன்னா ராஜம் 1951இல்தான் தேர்வானார். ஓசூரில் சப்-கலெக்டராக வேலை பார்த்தவர். பெண் கலெக்டர் என்பது நம் ஊர்களில் பார்த்தறியாத காட்சி. திரையில் அப்படி ஒருத்தியை நம்பவைக்க வேண்டும். அதே நேரத்தில் அவளுக்குள் இருக்கும் மனைவியை நாம் மறக்கவும் கூடாது. ஜானகி இதைச் செய்த விதத்தைப் பாருங்கள். கலெக்டர் நாற்காலியில் உட்காரும்போது முதுகு நேராக இருக்கும். குரல் ஏறாது, இறங்காது. எதிரில் நிற்பவனிடம் கோப்பைப் பற்றிக் கேட்பார். கேள்வி கோப்பைப் பற்றியது, பார்வை மட்டும் அரை நொடி தாமதித்து விலகும். அந்த அரை நொடிக்குள் அவள் இழந்த ஆயுள் முழுவதும் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் அழ முடியாது. கலெக்டர் அழுதால் அலுவலகமே பார்க்கும். அழுகையைத் தடை செய்யும் ஒரு பதவியைக் கொடுத்து, அழுகைக்குப் பெயர்போன நடிகையை அதில் உட்காரவைத்தார் பாலசந்தர். இந்த யோசனைக்காகவே அவரைக் கும்பிடலாம்.

இரண்டு மனைவிகளும் எதிரெதிரே பாடும் பாட்டு ஒன்று இந்தப் படத்தில் இருக்கிறது. பி.சுசீலாவும் ஜமுனா ராணியும் பாடியது. கண்ணனின் கதையைச் சொல்வதுபோல் தங்கள் கதையைத்தான் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். இன்னொரு காட்சியில் கலெக்டர் முதலமைச்சர் அண்ணாவைப் பார்க்கப் போகிறார். அண்ணாவின் உருவம் திரையில் வராது. மேசையும் மூக்குக் கண்ணாடியும் தெரியும், குரல் கேட்கும். அண்ணா மறைந்த அதே ஆண்டில் வந்த படம். எதிரே ஆளில்லாமல் ஒரு குரலுக்குப் பதில் சொல்லும் அந்தக் காட்சியில் ஜானகியின் முகத்தில் தெரியும் மரியாதை இயல்பானது, கொஞ்சமும் மிகையில்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. தெலுங்கிலும் இந்தியிலும் கன்னடத்திலும் இதைத் திரும்ப எடுத்தார்கள். தெலுங்குப் படத்துக்குப் பெயரே ‘கலெக்டர் ஜானகி’. ஆனால் அதில் கலெக்டராக நடித்தவர் ஜமுனா.

1970இல் ‘காவியத் தலைவி’. வங்காளத்திலும் இந்தியிலும் சுசித்ரா சென் செய்த தாய், மகள் இரட்டை வேடத்தைத் தமிழில் செய்ய ஜானகி விரும்பினார். அதற்காகத் தானே தயாரிப்பாளரானார். பாலசந்தரை இயக்கச் சொன்னார். நாற்பதை நெருங்கும் வயதில், தனக்கு வேண்டிய வேடத்தைத் தன் பணத்தைப் போட்டு உருவாக்கிக்கொள்ளும் துணிச்சல் அன்றைய நடிகைகளில் எத்தனை பேருக்கு இருந்தது? அந்தத் தாயும் மகளிடம் ஒரு ரகசியத்தை மறைத்து வாழ்பவள்தான். மகள் வேடத்தில் இளமை கொஞ்சம் முயன்று வரவழைத்ததாகத் தெரியும் இடங்கள் உண்டு. தாய் வேடத்தில் அப்படி ஓர் இடம்கூட இல்லை.

அதன் பிறகு வேடங்கள் சிறுத்தன. எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனாலும் 1981இல் ‘தில்லு முல்லு’ வந்தபோது, தேங்காய் சீனிவாசனையும் ரஜினிகாந்தையும் மீறி அவர் கைதட்டல் வாங்கினார். வேலைக்காகப் பொய் சொன்ன ஒருவனுக்குப் போலித் தாயாக வந்து நிற்கும் பணக்காரச் சீமாட்டி. வாசலில் முதலாளி நிற்க, பின்பக்கச் சன்னல் ஏறி உள்ளே வந்து பரம சாதுவான அம்மாவாக மாறுவார். இங்கேயும் அதே கதைதான், காப்பாற்ற வேண்டிய ஒரு ரகசியம். ‘பார் மகளே பார்’ படத்தில் நெஞ்சைப் பிழிந்த அதே வித்தையை வைத்துக்கொண்டு இங்கே வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தார்.

2019இல் ‘தம்பி’ படத்தில் பாட்டியாக வந்தார். 2020இல் சந்தானத்தோடு நடித்த ‘பிஸ்கோத்’ அவருடைய 400ஆவது படம் என்று அறிவிக்கப்பட்டது. பத்மஸ்ரீ அறிவிப்பு 2022இல் வந்தது, அவருக்குத் தொண்ணூறு வயதான பிறகு. முதல் படத்துக்கும் இந்த விருதுக்கும் நடுவில் 72 ஆண்டுகள். தாமதம்தான். இதில் எனக்கு வருத்தம் உண்டு. கலெக்டர் ஜானகியைத் தந்தவருக்கு எழுபதுகளிலேயே அது வந்திருக்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறை நாளில் ‘இரு கோடுகள்’ படத்தைப் போட்டு, வீட்டில் இருக்கும் பாட்டியையோ அம்மாவையோ பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். 1969இல் பெண் கலெக்டரைத் திரையில் பார்த்தபோது அவர்களுக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்